மாத்திரை கொடுத்தும் புழு ஏன் திரும்பி வருகிறது?

கேள்வி: என் 6 வயது மகளுக்கு நான்கு மாதத்துக்கு முன்பு பூச்சி மாத்திரை கொடுத்தோம். இரண்டு நாளில் புழுக்கள் வெளியேறின. இப்போது மறுபடியும் ஒரு சாண் நீளத்தில் வெளிறிய புழு ஒன்று மலத்தோடு வந்திருக்கிறது. வீட்டில் கழிவறை உண்டு. ஒன்றரை வயது மகன் மட்டும் முற்றத்தில் போவான். உடனே மண்ணைத் தள்ளி மூடிவிடுவேன். குடிநீரைக் கொதிக்கவைத்துத்தான் கொடுக்கிறேன். மாத்திரை சரியில்லையா? மாதம் ஒன்று கொடுக்கலாமா? நான் இப்போது இரண்டு மாதக் கர்ப்பிணி. நானும் போட்டுக்கொள்ள வேண்டுமா?

பதில்: மாத்திரை தன் வேலையைச் செய்திருக்கிறது. இப்போது நீங்கள் பார்த்தது பெரும்பாலும் புதிதாக வந்து வளர்ந்த உருண்டைப் புழு.

அல்பெண்டசோல் என்ற பூச்சி மருந்து அன்றைக்குக் குடலில் இருக்கும் புழுவைத்தான் கொல்லும். நான்கு நாள் கழித்து மகள் விழுங்கும் முட்டையை அது ஒன்றும் செய்யாது. உருண்டைப் புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனதும் குஞ்சு வெளிவந்து, குடல் சுவரைத் துளைத்து, ரத்தத்தோடு கல்லீரலுக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் போகிறது. பிறகு மூச்சுக்குழாய் வழியே தொண்டைக்கு ஏறி, சளியோடு விழுங்கப்பட்டு, மறுபடி குடலுக்கே வந்து சேர்கிறது. சில பிள்ளைகளுக்குக் காரணம் பிடிபடாத வறட்டு இருமலும் இழுப்பும் சில நாள் வந்து போவது இந்தப் பயணத்தால்தான். சுற்று முடிந்து முட்டையிடும் புழுவாக வளர 2 முதல் 3 மாதம் ஆகும். நான்கு மாதத்தில் ஒரு சாண் புழு என்பது கணக்குக்குப் பொருந்தி வருகிறது.

முட்டை எங்கிருந்து வந்தது? உங்கள் கேள்வியிலேயே ஒரு தடயம் இருக்கிறது: மண்ணைத் தள்ளி மூடிய அந்த முற்றம்.

மலத்தோடு வெளியேறும் முட்டை அன்றைக்கே யாருக்கும் தொற்றாது. தொற்றும் பக்குவத்துக்கு வர அது மண்ணில் 2 முதல் 4 வாரம் கிடக்க வேண்டும். அதற்கு வேண்டியவை மூன்று: கதகதப்பு, ஈரம், நிழல். வெப்பமண்டலத்தில் கதகதப்புக்கு ஆண்டு முழுவதும் குறைவில்லை. மலத்தின் மேல் ஒரு கை மண்ணைத் தள்ளும்போது மற்ற இரண்டும் கிடைத்துவிடுகின்றன. வெயில் படாது, ஈரம் சட்டென்று காயாது. நாற்றமும் ஈயும் குறைவதால் நமக்குச் சுத்தமாகத் தெரிகிறது. முட்டைக்கோ அது அடைகாக்கும் இடமாகிவிடுகிறது. மூன்று வாரம் கழித்து அங்கே மகள் உட்கார்ந்து விளையாடுகிறாள், நகத்துக்குள் மண் ஏறுகிறது, அந்தக் கை வாய்க்குப் போகிறது.

மகனுக்குப் புழு எதுவும் கண்ணில் படவில்லை என்பதை வைத்து அவனுக்கு இல்லை என்று முடிவு கட்ட முடியாது. ஒரே ஒரு பெண் புழு நாளொன்றுக்கு ஏறத்தாழ 2 லட்சம் முட்டை இடும். அது வெளியே தலைகாட்டாமல் ஓராண்டுக்கு மேலும் குடலில் இருக்கும். ‘குழந்தை மலம்தானே’ என்று நினைக்காத வீடு குறைவு. அந்த நினைப்பை மாற்றத்தான் இந்தப் பதிலில் இவ்வளவு இடம் எடுத்துக்கொள்கிறேன்.

கொதிக்கவைத்த நீர் நல்லது, விட்டுவிடாதீர்கள். ஆனால் அது ஒரு வழியை மட்டுமே அடைக்கிறது. இந்த முட்டையின் ஓடு தடிமனானது, மேலே ஒட்டும் பூச்சு உண்டு. விரல், பொம்மை, கழுவாத காய்கறி என்று எதிலும் ஒட்டிக்கொள்ளும். குடிநீரில் கலக்கும் அளவு குளோரினுக்குச் சாகாது, ஈர மண்ணில் ஆண்டுக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். சோப்பும் அதைக் கொல்வதில்லை; தேய்த்துக் கழுவும்போது கையிலிருந்து பிரித்து நீரோடு அனுப்புகிறது. அதனால்தான் தேய்ப்பதும் ஓடும் நீரில் அலசுவதும் முக்கியம், நகத்தை ஒட்ட வெட்டுவது அதைவிட முக்கியம்.

இன்றிலிருந்து மகனைக் கைப்பிடியுள்ள சிறு மலச்சட்டியில் உட்கார வையுங்கள். மலத்தைக் கழிவறையில் கொட்டுங்கள்; சட்டியைக் கழுவிய நீரும் அவனைக் கழுவிய நீரும் அங்கேயே போகட்டும். பலர் மலத்தைச் சரியாகக் கொட்டிவிட்டு, கழுவிய நீரை முற்றத்தில் ஊற்றிவிடுகிறார்கள், பாடுபட்டது வீணாகிவிடும். பிறகு உங்கள் கை, அவன் கை இரண்டையும் சோப்பால் கழுவுங்கள். முற்றத்தின் அந்த மூலையில் பிள்ளைகளை விளையாட விடாதீர்கள். மேலே நிழல் தரும் செடி, தேங்கும் நீர் இருந்தால் அகற்றி வெயில் படச் செய்யுங்கள். காய்ந்து சூடேறும் மேல்மண்ணில் முட்டைகள் படிப்படியாகச் சாகும். மண்ணை வாரித் தோட்டத்தில் கொட்ட வேண்டாம், முட்டையும் கூடவே போகும். முடிந்தால் அந்த இடத்துக்குத் தளம் போட்டுவிடுங்கள்.

உங்கள் கழிவறை குழி வகையாக இருந்தால் ஒன்றைக் கவனியுங்கள். குழி நிறைந்ததும் உடனே அள்ளி உரமாக இடுவது முட்டையை வயலுக்கு அனுப்புவதுதான். வெப்பமான இடத்தில் குழியை மூடிவிட்டுக் குறைந்தது ஓராண்டு காத்திருக்க வேண்டும். இரட்டைக் குழி வைப்பதே இதற்காகத்தான். தென் கொரியாவில் 1971 கணக்கெடுப்பில் பாதிப் பேருக்கு மேல் உருண்டைப் புழு இருந்தது. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு இரு முறை மலப் பரிசோதனை செய்து மருந்து கொடுத்தார்கள். கூடவே மனித மலத்தை உரமாக இடும் வழக்கமும் ஒழிந்தது. 1990-களின் இறுதியில் அது ஆயிரத்தில் ஒருவருக்கும் குறைவாகிவிட்டது.

மாதாமாதம் மாத்திரை வேண்டாம். தொற்று மிகுந்த இடங்களில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை போதும். இப்போது மகளுக்கு அல்பெண்டசோல் 400 மி.கி. ஒரே வேளை, மென்று விழுங்கட்டும். மகனுக்கு 200 மி.கி., அதாவது பாதி மாத்திரை. 1 முதல் 2 வயது வரை இதுதான் அளவு. நன்றாகப் பொடித்து நீரில் கரைத்துக் கொடுங்கள். அழும் பிள்ளையின் மூக்கைப் பிடித்து ஊற்றினால் புரையேறி மூச்சடைக்கும், அமைதியானபின் கொடுங்கள். காய்ச்சல் இருந்தால் தள்ளிப்போடுங்கள். முன்பு வலிப்பு வந்த பிள்ளையென்றால் மருத்துவரிடம் சொல்லாமல் கொடுக்காதீர்கள்: மூளையில் நாடாப்புழுவின் கட்டிகள் இருந்தால் இந்த மருந்து வலிப்பைத் தூண்டலாம். பேதி மருந்து தேவையில்லை.

நீங்கள் இப்போது போட வேண்டாம். முதல் மூன்று மாதம் முடிந்தபின் மருத்துவர் சொன்னால் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவை இப்போதே பாருங்கள். அதே மண்ணில் கொக்கிப் புழுவும் இருக்கக்கூடும். அதன் குஞ்சு வாய்வழி வர வேண்டியதில்லை. வெறுங்காலில் நடப்பவரின் விரலிடுக்கைத் துளைத்து உள்ளே போகும், அந்த இடத்தில் சிறிது அரிப்பு மட்டும் தெரியும். ஒரு சென்டிமீட்டர் நீளமுள்ள இந்தப் புழு, இனத்தைப் பொறுத்து நாளொன்றுக்கு 0.03 முதல் 0.2 மி.லி. வரை ரத்த இழப்பை உண்டாக்கும். குறைவாகக் குடிக்கும் இனத்திலேயே 100 புழு இருந்தால் மாதம் 90 மி.லி. ரத்தம். கர்ப்பத்தில் இது பெரிய இழப்பு. முற்றத்துக்கும் செருப்போடு போங்கள், இரும்புச்சத்து மாத்திரையை விடாதீர்கள்.

இந்த மாத்திரைக்கு அவ்வளவாக அடங்காதது சாட்டைப் புழு என்ற இன்னொரு குடல் புழு. மருந்து கொடுத்தும் மலத்தில் சளியும் ரத்தமும் தொடர்ந்தால் மலப் பரிசோதனை செய்யுங்கள். ஒரு நாள் மாதிரியில் முட்டை தவறிப்போகலாம். மூன்று நாள் மாதிரி கொடுத்தால் நம்பலாம். இரவில் ஆசனவாயில் அரிப்பும் நூல்போன்ற வெள்ளைப் புழுவும் என்றால் அது வேறு வகை. மண் வழியாக அல்ல, படுக்கை, விரல் வழியாகப் பரவுவது. அதற்கு வீட்டில் எல்லோருக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்து, இரண்டு வாரம் கழித்து மறுபடி கொடுக்க வேண்டும். உங்களுக்கு மட்டும் மருத்துவரைக் கேட்டபின்.

எந்தப் பிள்ளைக்காவது வயிறு உப்பி, விட்டு விட்டுக் கடும் வலி வந்து, பச்சையாக வாந்தி எடுத்து, மலமும் காற்றும் பிரியாமல் நின்றுவிட்டால், திரண்ட புழுக்கள் குடலை அடைத்திருக்கலாம். அந்த நேரத்தில் வீட்டில் பூச்சி மாத்திரை கொடுக்காதீர்கள். சாப்பாடு, பானம் எதுவும் கொடுக்காமல் அறுவை சிகிச்சை வசதியுள்ள மருத்துவமனைக்கு உடனே கொண்டுபோங்கள்.