தஞ்சை, திருவாரூர் பக்கம் கட்டட வேலைக்குப் போனால் கூலி எப்படி? முன்னேற வழி உண்டா?

நாள் கூலியை மட்டும் கேட்டால் டெல்டாவில் கணக்கு உதைக்கும். வருஷத்தில் எத்தனை நாள் வேலை என்பதையும் சேர்த்துக் கேளுங்கள்.

ரிசர்வ் வங்கியின் தொகுப்பில் 2022-23க்குத் தமிழ்நாட்டுக் கிராமப்புறக் கட்டுமானத் தொழிலாளரின் சராசரி நாள் கூலி 500.9 ரூபாய், கேரளத்தில் 852.5. இதை வைத்துக்கொண்டு மேஸ்திரியிடம் பேசப் போகாதீர்கள். சைட்டில் கொத்தனாருக்கு ஒன்று, கலவை போடும் பெரியாளுக்கு ஒன்று, சட்டி சுமக்கும் சித்தாளுக்கு ஒன்று. சித்தாள் கூலி பெரும்பாலும் கொத்தனார் கூலியில் பாதியை ஒட்டித்தான் நிற்கும்.

ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்தால் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டிய குழியில் தண்ணீர் நிற்கும். களிமண் பூமி, இறைத்தாலும் ஓரம் சரியும். ஆடி, புரட்டாசி, மார்கழியில் புதிதாக மனை போடுகிறவர்கள் குறைவு. தை பிறந்து ஆனி வரைதான் நெருக்கமான வேலை. மாதம் 26 நாள் என்று பெருக்கிப் பார்த்துக் கடன் வாங்கினால், கார்த்திகையில் மேஸ்திரியிடம் அட்வான்ஸுக்குப் போய் நிற்க வேண்டும். அதை வாங்கியவருக்கு அடுத்த தையில் கூலி பேச வாய் இருக்காது. நடவு சமயத்தில் சித்தாள் கிடைப்பது கஷ்டம்; ஏற்றிக் கேட்பதென்றால் அப்போது கேளுங்கள்.

சதுர அடிக் கணக்கில் வேலை எடுப்பதில்தான் காசும் இருக்கிறது, ஏமாற்றமும் இருக்கிறது. ஒரு கொத்தனார், ஓர் ஆள் துணையோடு, 12 மில்லிமீட்டர் கனப் பூச்சு நாளைக்கு 80 முதல் 100 சதுர அடி பூசலாம். 9 அங்குலச் சுவர் கட்டுவதென்றால் நாளைக்குச் சுமார் 500 செங்கல். கொத்தனாருக்கு 1,000, ஆளுக்கு 600 என்று வைத்துக்கொண்டால் நாள் செலவு 1,600. பூச்சு 100 அடி ஓடினால் அடிக்கு 16 ரூபாய், 80தான் ஓடினால் 20. சாரம் கட்டி மேலே பூசும் இடத்தில் 80 வந்தாலே பெரிது. அதனால் 20க்குக் கீழே ஒத்துக்கொள்ளுமுன் சுவரைப் போய்ப் பாருங்கள்.

சண்டை வருவது ஜன்னல் கழிவில், அதாவது ஜன்னல் இடத்தைப் பூச்சு அளவிலிருந்து கழிப்பதில். இந்தியத் தர நிர்ணய அளவை முறைப்படி (ஐ.எஸ். 1200) அரை சதுர மீட்டர் வரையுள்ள திறப்பைக் கழிப்பதில்லை. அதற்கு மேல் 3 சதுர மீட்டர் வரை, இரண்டு பக்கமும் ஒரே பூச்சு என்றால், ஒரு பக்கம் மட்டும்தான் கழிவு. ஜன்னலின் உள்வாய் பூசுவதற்கு அது ஈடு. 4க்கு 4 ஜன்னல் பத்து இருந்து இரண்டு பக்கமும் கழித்துவிட்டால் உங்களுக்கு வர வேண்டிய 160 சதுர அடி போச்சு, ஏறக்குறைய இரண்டு நாள் உழைப்பு. வேலை தொடங்கும் முன்பே இதைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குங்கள்.

பெரியாளாக நிற்கும்போதே பூச்சுக் கரண்டி பிடிக்கக் கேளுங்கள். குளியலறை உட்சுவரில் தொடங்கலாம்: சொரசொரப்பை டைல்ஸ் மூடிவிடும், தூக்கு (சுவரின் செங்குத்து) மட்டும் தப்பக் கூடாது. பெண்கள் இருபது வருஷம் சட்டி சுமந்தாலும் கரண்டி கைக்கு வருவதில்லை. கை வராததால் அல்ல, யாரும் கொடுப்பதில்லை. இந்தத் தொழிலின் பெரிய அநியாயம் இது. கம்பி வேலைக்குப் போகிறவர் எடைக் கணக்கு படித்துக்கொள்ளட்டும்: கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் எடுத்து, அதே எண்ணால் பெருக்கி, 162ஆல் வகுத்தால் மீட்டருக்கு எத்தனை கிலோ என்று வரும். 12 மில்லிக்கு 0.889. டன் கணக்கில் கூலி பேசும் இடத்தில் இது தெரியாதவர், சொன்ன எடையைத்தான் ஒத்துக்கொள்ள வேண்டும்.

வேலை வாய்ப்பு? 2020இல் வந்த வேளாண் மண்டலச் சட்டத்தால் உருக்காலை மாதிரிப் பெரிய தொழிற்சாலை வேலைகளை இங்கே எதிர்பார்க்க முடியாது. வீட்டு வேலைதான் சோறு போடும். 3.5 லட்சம் ரூபாய், 360 சதுர அடி என்ற கலைஞர் கனவு இல்லம் போன்ற அரசு வீட்டுத் திட்டங்கள் கிராமத்துக்குள்ளேயே வேலை தருகின்றன. ஆனால் தவணைப் பணம் வந்தால்தான் கூலி வரும், அதைக் கேட்டுக்கொண்டு இறங்குங்கள்.

கட்டுமானத் தொழிலாளர் நல வாரியத்தில் பதிவு செய்யுங்கள். வயது 18 முதல் 60க்குள், கடந்த 12 மாதத்தில் 90 நாள் கட்டட வேலை. மேஸ்திரி பதிந்திருப்பார் என்று இருந்துவிடாதீர்கள். புதுப்பிக்கும் தேதியைக் கைபேசியில் குறித்து வையுங்கள். ஆதாரிலும் பாஸ்புக்கிலும் பெயர், இனிஷியல் ஒன்றாக இருக்கிறதா என்பதை இப்போதே பாருங்கள். விபத்து நடந்த பிறகு திருத்த அலைவது பெரும்பாடு.