இருபது வருஷ ஃபைல் ட்ரான்ஸ்ஃபர் சர்வர ஆறு மாசத்துல மாத்த முடியுமா?

கேள்வி கேட்டவர் அவங்க கம்பெனில இருபது வருஷமா ஓடற சர்வர தூக்கிட்டு புது எம்எஃப்டி (ஃபைல் அனுப்பறது வாங்கறத எல்லாம் ஒரே இடத்துல நிர்வகிக்கிற சாஃப்ட்வேர்) போடப் போறாங்க, ஆறு மாச ப்ளான், நடக்குமான்னு கேட்டிருக்கார்.

புது டூல் போட ஆறு மாசம் தாராளம். பழச நிறுத்த போதாது. ஒரு முழு வருஷமாவது ரெண்டும் பக்கத்துல பக்கத்துல ஓடணும். இருபது வருஷம்னு சொல்றீங்க, அப்ப எந்த ஃபைல் யாருக்குப் போகுதுன்னு முழுசா தெரிஞ்சவர் உங்க கம்பெனிலயும் ஒருத்தர்தான் இருப்பார், அவர நைட் ஷிஃப்ட்ல போட்டிருப்பாங்க, ப்ளான் போட்ட மீட்டிங்குக்கு கூப்பிட்டிருக்கவே மாட்டாங்க.

எங்க கதைய சொல்றேன். நான் சென்னைல இருந்து ஒரு அமெரிக்க இன்சூரன்ஸ் கம்பெனிக்கு பதினோரு வருஷமா இந்த சப்போர்ட்தான் பாக்கறேன். செப்டம்பர்ல கட்ஓவர், அதாவது பழசுல இருந்து புது டூலுக்கு மாறினோம். கன்சல்டன்ட் டீம் மூணு மாச லாக் (எந்த ஃபைல் எப்ப போச்சுங்கற பதிவு) எடுத்தாங்க, அதுல வராத ஃப்ளோ (ஒரு ஃபைல் ஒருத்தருக்குப் போற வழி) எல்லாம் செத்துப்போச்சுன்னு லிஸ்ட்ட விட்டு எடுத்துட்டாங்க. பதிமூணு மாச லாக் வேணும்னு நான் மெயில் போட்டேன். லாக் 90 நாளைக்கு மேல வைக்கறதில்ல, க்ரான்ல (குறிச்ச நேரத்துக்கு வேலைகள தானா ஓட்டற சர்வர் பட்டியல்) இருக்கறதையும் பாத்தாச்சு, போதும்னு பதில் வந்துச்சு. நவம்பர்ல பழைய சர்வர நிறுத்திட்டாங்க.

ஜனவரி 15, பொங்கல் அன்னிக்கு காலைல அஞ்சு மணி, அங்க முந்தின நாள் சாயங்காலம். வாசல்ல கோலம் போட்டு பானைய அடுப்புல ஏத்தற நேரம், ஃபோன். 1099-ஆர் ஃபைல் ப்ரிண்ட் வெண்டருக்குப் போகலன்னு சொல்றாங்க. பென்ஷன், ஆன்யுட்டி பணம் வாங்கினவங்க வருமான வரி கட்ட அவங்களுக்கு வேண்டிய ஃபாரம் அது, ஜனவரி 31க்குள்ள அவங்களுக்கு அனுப்பியாகணும். வருஷத்துக்கு ஒரு தடவைதான் ஓடும், அதுவும் மெயின்ஃப்ரேம்ங்கற பெரிய கம்ப்யூட்டர்ல இருக்கற ஷெட்யூலர் கிளப்பி விடற ஜாப், அதனால லாக்லயும் இல்ல, க்ரான்லயும் இல்ல.

வெண்டரோட பிஜிபி கீ (ஃபைல பூட்டி அனுப்பற சாவி) நிறுத்தின சர்வர்ல மாட்டிக்கிச்சு. பேக்கப்ப ரெஸ்டோர் பண்ணி கீய எடுத்து புது டூல்ல ஏத்தி அனுப்பினா, அவங்க ஃபைல் படிக்கவே முடியலங்கறாங்க. பழைய சர்வர்ல எஃப்டிபிங்கற ஃபைல் அனுப்பற முறை, ஆஸ்கி மோட்ல போயிருக்கு, எப்சிடிக்க (மெயின்ஃப்ரேமோட எழுத்துக் குறியீடு) ஆஸ்கியா (மத்த கம்ப்யூட்டர்களோட குறியீடு) மாத்தறது, வரி முடிவு போடறது எல்லாத்தையும் அதுவே பாத்துக்கிட்டு இருந்திருக்கு. புது டூல்ல இருக்கற எஸ்எஃப்டிபி, அதாவது பூட்டி அனுப்பற முறை, நாம தனியா சொல்லலன்னா இருக்கறத அப்படியே தூக்கிட்டுப் போயிடும். மத்த ஃப்ளோல எல்லாம் டெஸ்ட்ல கண்டுபிடிச்சு கன்வெர்ஷன் போட்டுட்டோம், இது லிஸ்ட்லயே இல்லாததால யாரும் டெஸ்ட் பண்ணல. ரெண்டு நாள் ஆச்சு சரி பண்ண. ஃபாரம் எல்லாம் டைமுக்குள்ள போயிடுச்சு, அதுல எனக்கு இன்னும் பெருமைதான்.

இத படிச்சுட்டு இவன் மாற்றத்துக்கு எதிரின்னு யாராவது வருவீங்க. இல்லவே இல்ல. எஃப்டிபியோட விதிகள சொல்ற ஆர்எஃப்சி 959ங்கற ஆவணம் வந்தது 1985ல, அதுல பாஸ்வேர்டு வெறும் எழுத்தா லைன்ல போகும், அத இன்னும் வச்சிருக்கறது தப்புன்னு நானே பல தடவ எழுதியிருக்கேன். ஆனா புது டூல் வாங்கினா மட்டும் பாதுகாப்பு வந்துடும்னு சொல்றத ஒத்துக்க மாட்டேன். 2020 டிசம்பர்ல அடி வாங்கின அக்செலியன் எஃப்டிஏங்கற ஃபைல் ட்ரான்ஸ்ஃபர் டூல் பழைய ப்ராடக்ட், சரி. 2023 மே கடைசில மூவ்இட்ங்கற எம்எஃப்டி டூல்ல க்ளாப்ங்கற ஹேக்கர் கும்பல், டேட்டாபேஸுக்கு திருட்டுக் கட்டளை செருகற எஸ்க்யூஎல் இன்ஜெக்‌ஷன் வழியா உள்ள புகுந்து ஃபைல்கள அள்ளிட்டுப் போனாங்களே, அது எல்லாரும் நம்பி வாங்கி ஓட்டிக்கிட்டு இருந்த ப்ராடக்ட்தான். இந்த மாதிரி பெட்டி இன்டர்நெட்ட பாத்து நிக்குது, எல்லாரோட ஃபைலும் அதுக்குள்ள கிடக்குது. அதனால டெலிவரி ஆன ஃபைல சில நாள்ல அழிச்சுடற மாதிரி முதல் நாளே செட் பண்ணுங்க, உள்ள இல்லாத ஃபைல யாரும் திருட முடியாது.

கேள்விக்கு சம்பந்தமில்லாததா இருந்தாலும் இதையும் சொல்லிடறேன். அந்த ரெண்டு ராத்திரியும் ஆஃபீஸ்லதான் இருந்தேன். கேப் சாயங்காலம் ஆறு மணிக்குள்ள புக் பண்ணணும்னு ரூல், ப்ரிட்ஜ் கால் (எல்லா டீமும் ஒரே லைன்ல பேசற கால்) எப்ப முடியும்னு ஆறு மணிக்கு எவனுக்குத் தெரியும்? சோழிங்கநல்லூர்ல இருந்து தாம்பரத்துக்கு சொந்தக் காசுல ஆட்டோல போனேன். ரசீது இல்லன்னு அந்தப் பணம் இன்னிக்கு வரைக்கும் வரல. பாராட்டு மெயில்ல கன்சல்டன்ட் டீம் பேரு மட்டும் இருந்துச்சு, எங்க டீம்ல ராத்திரி உக்காந்த ரெண்டு பசங்க பேர்கூட இல்ல, அதத்தான் என்னால இன்னும் மறக்க முடியல.

உங்க விஷயத்துக்கு வர்றேன். லாக் பதிமூணு மாசத்துக்கு இல்லன்னா இன்னிக்கே ரிடென்ஷன (லாக்க வச்சிருக்கற காலத்த) கூட்டச் சொல்லுங்க, ஷெட்யூலர் டீம்கிட்டயும் ஃபைனான்ஸ்கிட்டயும் வருஷக் கடைசில என்னென்ன ஃபைல் போகுதுன்னு நேர்ல போய் கேளுங்க. பார்ட்னர்களுக்கு புது ஐபியும், சர்வர அடையாளம் காட்டற ஹோஸ்ட் கீயும் மூணு மாசம் முன்னாடியே அனுப்பிடுங்க, அவங்க ஃபயர்வால் டீம் ஒரு ரூல் போடறதுக்கே ஒண்ணரை மாசம் எடுத்துப்பாங்க. அந்த நைட் ஷிஃப்ட் ஆள பகல் மீட்டிங்குக்கு கூப்பிடுங்க, அன்னிக்கு அவருக்கு ஷிஃப்ட் போடாதீங்க.