ஹெட் ஒபிஸ் சொப்ட்வெயாரில் இருந்து எக்செல்லுக்கு எடுத்துத் திரும்ப ஏற்றினால் ஐசி (தேசிய அடையாள அட்டை) நம்பர், திகதி, தமிழ்ப் பெயர் எல்லாம் ஏன் குழம்புகின்றன?

உங்கள் கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: யாழ்ப்பாணக் கிளையில் வேலை. ஆளணி விபரம், லீவு, சம்பளம் எல்லாம் கொழும்பு ஹெட் ஒபிஸின் சிஸ்டத்தில். திரையில் ஒவ்வொருவராகத் திறந்து திருத்தினால் ஒரு முழு நாள் போய்விடுகிறது என்று எக்செல்லுக்கு இறக்கி, திருத்தி, திரும்ப ஏற்றுகிறீர்கள். ஏற்றியதும் பாதி பிழை. ஐ.டி. பகுதிக்கு அறிவித்தால் "டேட்டா பிழை, சரியாகப் போடுங்கோ" என்று ஒரு வரியில் பதில்.

டேட்டா பிழை என்பது உண்மை. அதைப் பிழையாக்கியது யார் என்பதைத்தான் அவர்கள் பார்க்கவில்லை. பட்டன் எங்கே என்று தேடவைப்பதும், ஒரு லீவுக்கு ஆறு திரை மாற்றுவதும் எரிச்சல்தான், ஆனால் கண்ணுக்குத் தெரியும். இறக்கிய சிஎஸ்வி பைலை டபிள் கிளிக் செய்து திறக்கும் அந்தக் கணத்தில் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. சம்பள நாளில்தான் தெரியவரும்.

சிஎஸ்வி என்பது கொமா போட்டுப் பிரித்த வெறும் எழுத்து. எது நம்பர், எது திகதி, எது பெயர் என்ற குறிப்பு அதற்குள் எதுவும் இல்லை. டபிள் கிளிக் செய்தால் எக்செல் தானாக ஊகிக்கிறது. ஊகம் முதலில் பிழைப்பது ஐசி நம்பரில்.

பழைய ஐசி நம்பர் 9 இலக்கமும் கடைசியில் வி அல்லது எக்ஸ் எழுத்தும். எழுத்து இருப்பதால் எக்செல் அதைத் தொடுவதில்லை. 2016 இல் இருந்து வரும் புதியது 12 இலக்கம், எழுத்து இல்லை. 12 இலக்கமோ அதற்கு மேலோ வந்தால் எக்செல்லின் ஜெனரல் போர்மட் அதை 2.00112இ+11 என்று சுருக்கிக் காட்டும். காட்டுவதோடு நின்றால் பரவாயில்லை. பழக்கதோஷத்தில் கொன்ட்ரோல் எஸ் அடித்தால், சிஎஸ்வியில் திரையில் தெரிவதுதான் பதியப்படும். அடுத்தமுறை திறக்கும்போது அது 200112000000. எண்ணிப் பாருங்கள், சரியாக 12 இலக்கம். சிஸ்டம் நீளத்தை மட்டும் பார்ப்பதென்றால் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

இதன் அடுத்த கட்டம்தான் உங்களுக்கு வந்த "இந்த இலக்கம் ஏற்கெனவே உள்ளது" என்ற செய்தி என்று நினைக்கிறேன். புதிய ஐசி நம்பரின் முதல் நான்கு இலக்கம் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று ஆண்டின் எத்தனையாவது நாள் (பெண்களுக்கு 500 கூட்டி). பெப்ரவரிக்கு எப்போதும் 29 நாள் என்றே கணக்கு. எக்செல் ஆறு இலக்கத்துக்கு முழுமையாக்குவதால், 2001 ஏப்ரல் 24 இல் இருந்து மே 3 வரை பிறந்த ஆண்கள் எல்லோரும் 200112000000 ஆகிவிடுவார்கள். அப்படி இரண்டு பேர் ஒரே கிளையில் இருந்தால் ஒருவர் ஏறுவார், மற்றவர் ஏறமாட்டார். பழைய ஆட்களுடையது தப்பி, இளம் ஆட்களுடையது மட்டும் உடைவதற்கும் காரணம் இதுதான்.

திறந்துவிட்டீர்கள், இன்னும் சேவ் பண்ணவில்லை என்றால் ஐசி நம்பரைக் காப்பாற்றலாம். அந்த நிரலை (கொலம்) தெரிவு செய்து, போர்மட்டில் நம்பர், தசமதானம் 0 என்று மாற்றினால் 12 இலக்கமும் திரும்ப வரும். எக்செல் 15 இலக்கம் வரை சரியாக வைத்திருக்கும். 16 இலக்கக் கணக்கு இலக்கம் என்றால் திறந்தவுடனேயே கடைசி இலக்கம் 0 ஆகிவிடும், மீட்கமுடியாது. முன்னால் இருக்கும் சைபர்களும் அப்படித்தான்: 021 இல் தொடங்கும் போன் நம்பர் 21 இல் தொடங்கும், வங்கிக் கிளைக் குறியீடு 007 வெறும் 7 ஆகும். கிளைக் குறியீடு 3 இலக்கமாக இல்லாவிட்டால் சம்பளப் பைலை வங்கி திருப்பிவிடும்.

ஆகவே டபிள் கிளிக்கை மறந்துவிடுங்கள். வெற்று எக்செல் ஒன்றைத் திறந்து, டேட்டா மெனுவில் "ஃப்ரொம் டெக்ஸ்ட்/சிஎஸ்வி" என்பதால் பைலை எடுங்கள். முன்தோற்றம் ஒன்று வரும். அதில் "ஃபைல் ஒரிஜின்" என்ற இடத்தில் 65001 யூடிஎஃப்-8 (தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்தையும் பதியும் யூனிகோட் முறை) என்று தெரிவு செய்யுங்கள். "டேட்டா டைப் டிடெக்ஷன்" என்ற இடத்தில் "டூ நொட் டிடெக்ட்" என்பதைத் தெரிவு செய்யுங்கள். பிறகு லோட். எல்லாம் எழுத்தாகவே வரும், ஒரு சைபரும் தொலையாது. ஒரு சின்னத் தொல்லை உண்டு: மேலே "கொலம்1, கொலம்2" என்று ஒரு மேலதிக வரி சேரும். திரும்ப ஏற்றுமுன் அதை அழிக்காவிட்டால் தலைப்புப் பொருந்தவில்லை என்று சிஸ்டம் சொல்லும். எக்செல் 2010, 2013 என்றால் அதே மெனுவில் "ஃப்ரொம் டெக்ஸ்ட்". மூன்றாவது படியில் முதல் நிரலைக் கிளிக் செய்து, ஷிஃப்ட் பிடித்துக் கடைசி நிரலையும் கிளிக் செய்து, "டெக்ஸ்ட்" என்று கொடுக்கவேண்டும்.

மைக்ரோசொஃப்ட் 365 வைத்திருந்தால் ஒப்ஷன்ஸ், டேட்டா என்று போய் "ஒட்டோமெட்டிக் டேட்டா கன்வர்ஷன்" பகுதியில் உள்ள சரி அடையாளங்களை எடுத்துவிடலாம். ஆனால் அது அந்தக் கொம்பியூட்டருக்கு மட்டும். பக்கத்து மேசையில் திறந்தால் பழைய கதைதான்.

திகதி இன்னும் மோசம், ஏனென்றால் பாதிதான் பிழைக்கும். சிஸ்டம் நாள்/மாதம்/ஆண்டு என்று தருகிறது, உங்கள் விண்டோஸ் அமெரிக்க முறையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 03/04/2025 என்பதை எக்செல் மார்ச் 4 என்று எடுத்துவிடும். 25/04/2025 க்கு இருபத்தைந்தாவது மாதம் இல்லாததால் தொடாமல் எழுத்தாகவே விட்டுவிடும். ஆக, மாதத்தின் முதல் 12 நாட்களில் எடுத்த லீவு பெரும்பாலும் வேறு மாதத்துக்குப் போகும், 13 இல் இருந்து சரியாக இருப்பதுபோல் தெரியும். நிரலை அகட்டிப் பாருங்கள். திகதியாக மாறியவை வலப்பக்கமும் எழுத்தாக நின்றவை இடப்பக்கமும் ஒட்டியிருந்தால் அந்தப் பைலை மூடிவிட்டு, விண்டோஸில் ரீஜன் பகுதியில் ஷோர்ட் டேட்டை நாள்/மாதம்/ஆண்டு என்று மாற்றியபின் மூலப் பைலில் இருந்து தொடங்குங்கள். உடைந்ததைக் கையால் திருத்தப் போனால் எது திருத்தியது, எது திருத்தாதது என்று நீங்களே குழம்புவீர்கள்.

இனித் தமிழ். உடைந்த தமிழைப் பார்த்தவுடன் "ஃபொன்ட் பிரச்சினை" என்று எல்லோரும் சொல்வார்கள். ஒவ்வொரு உடைவும் வேறு நோய்.

பெட்டி பெட்டியாகத் தெரிந்தால் மட்டும்தான் ஃபொன்ட் பிரச்சினை. டேட்டாவுக்கு ஒன்றும் இல்லை, வேறு கொம்பியூட்டரில் சரியாகத் தெரியும்.

தலையில் கோடு போட்ட சிறிய ஏயும், வட்டத்துக்குள் ஆரும் திரும்பத் திரும்ப வந்தால், யூடிஎஃப்-8 பைலை எக்செல் பழைய ஆங்கில முறையில் வாசித்திருக்கிறது. யூடிஎஃப்-8 இல் ஒவ்வொரு தமிழ்க் குறியும் 3 பைட், பெரும்பாலானவை அந்த இரண்டு அடையாளங்களில்தான் தொடங்கும். மேலே சொன்ன 65001 கொடுத்துத் திறந்தால் தமிழ் வந்துவிடும்.

வெறும் கேள்விக்குறிகளாக இருந்தால் கதை முடிந்தது. யூனிகோட் ஏற்காத முறை ஒன்றில் எழுத்து ஏற்கெனவே தொலைந்து, கேள்விக்குறிதான் பதிவாகியிருக்கிறது. எந்த ஃபொன்ட் போட்டாலும் வராது. எக்செல்லில் வெறும் "சிஎஸ்வி" என்று சேவ் பண்ணினாலும் இதேதான் நடக்கும், "சிஎஸ்வி யூடிஎஃப்-8" என்பது தனியான தெரிவு. அதைத் தெரிவு செய்தும், பைலை நோட்பேடில் திறந்தால் தமிழ் சரியாகத் தெரிந்தும், ஏற்றியபின் கேள்விக்குறி என்றால் பிழை சிஸ்டத்தின் பக்கம். இதை மட்டும் ஹெட் ஒபிஸ்தான் சரிசெய்யவேண்டும்.

யூடிஎஃப்-8 இல் சேவ் பண்ணுவதிலும் ஒரு கண்ணி உண்டு. பைலின் தொடக்கத்தில் கண்ணுக்குத் தெரியாத 3 பைட் குறி (பொம்) ஒன்றை எக்செல் சேர்க்கும். சில சிஸ்டங்கள் அதை முதல் நிரலின் தலைப்போடு சேர்த்து வாசித்துவிட்டு, "முதல் நிரல் இல்லை" என்று அடம்பிடிக்கும். நிரல் கண்முன்னே இருக்கும். நோட்பேடில் திறந்து, சேவ் அஸ் கொடுத்து, என்கோடிங்கில் "வித் பொம்" இல்லாத யூடிஎஃப்-8 ஐத் தெரிவு செய்து சேவ் பண்ணினால் ஏறும்.

பாமினி என்ற பழைய தமிழ் ஃபொன்டில் அடித்த பட்டியல்களில் இருந்து பெயரை ஒட்டினால் ஆங்கில எழுத்து வருவது இதிலெல்லாம் சேராது. பாமினியில் "தமிழ்" என்று அடித்தால் உள்ளே இருப்பது ஜே, கே, பி, ஓ, அரைப்புள்ளி. தமிழாகத் தெரிவது அந்த ஃபொன்ட் போட்ட வேடம். யூனிகோட் மாற்றி ஒன்றில் போட்டு மாற்றுங்கள், ஆனால் நடுவே இருக்கும் ஈமெயில் முகவரியையும் அது தமிழாக்கிவிடும் என்பதால் அவற்றை முதலே வெட்டி எடுங்கள். மாற்றியபின் ஔகாரப் பெயர்களைப் பாருங்கள். கௌரி, சௌந்தரி போன்ற பெயர்களில் ஔகாரக் குறியின் பின்பகுதி ளகரமாக அடிக்கப்பட்டிருந்தால் "கெளரி" என்றுதான் இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, சிஸ்டத்துக்கு இரண்டு ஆட்கள். தேடினால் வராது, வராததால் யாரோ புதிதாக ஒரு பதிவைத் திறப்பார், பிறகு ஒருவருக்கு இரண்டு பதிவு.

பெயர் என்றதும் இன்னொன்று. கடைசிப் பெயர் கட்டாயம் என்று சிஸ்டம் கேட்கும். எங்கள் பெயரில் தகப்பன் பெயர்தான் முன்னால் வரும். ஒருவர் தகப்பன் பெயரைக் கடைசிப் பெயராகப் போடுவார், இன்னொருவர் சொந்தப் பெயரைப் போடுவார், மூன்றாமவர் ஒரு புள்ளியை வைத்துத் தப்பிப்பார். சேமலாப நிதியிலும் வங்கியிலும் ஒருவருக்கே வெவ்வேறு பெயர் போனால் ஒருநாள் அவர்தான் சத்தியக்கடதாசி முடிக்க அலையவேண்டும். ஐசியில் உள்ள ஒழுங்கே எல்லா இடத்திலும் என்று கிளை முழுக்க ஒரு விதி வையுங்கள்.

விலாசத்தில் கொமாவைத் தவிருங்கள். எக்செல் அதைச் சரியாக மேற்கோளுக்குள் வைத்துத்தான் எழுதும், ஆனால் மேற்கோளை மதிக்காத சிஸ்டங்கள் உண்டு. விலாசத்தில் கொமாவுக்குப் பின் வரும் நல்லூர் போன் நம்பர் நிரலில் போய் உட்காரும்.

படிவம் நிரப்பிக்கொண்டிருக்கும்போதே வெளியே தள்ளுகிறது என்றும் கேட்டிருந்தீர்கள். நீங்கள் தட்டுவது எதுவும் சேர்வருக்கு (சிஸ்டம் ஓடும் மறுபக்கக் கொம்பியூட்டருக்கு) தெரியாது, ஒரு பட்டனை அழுத்தும்போதுதான் தெரியும். 20 அல்லது 30 நிமிடம் அழுத்தாவிட்டால் ஆள் போய்விட்டார் என்று அது முடிவெடுக்கும். நீளமான விளக்கங்களை நோட்பேடில் எழுதி ஒட்டுங்கள். அதே பிரவுசரில் இன்னொரு டாபில் சிஸ்டத்தின் முதல் பக்கத்தைத் திறந்துவைத்து, இடைக்கிடை ரிஃப்ரெஷ் பண்ணினாலும் பெரும்பாலும் உயிரோடு இருக்கும். கரண்ட் போகும்போது கொம்பியூட்டர் யூபிஎஸ்ஸில் நிற்க, ரவுட்டர் நேரே சுவரில் இருந்தால் பலன் இல்லை. ரவுட்டரையும் அதில் கொழுவுங்கள்.

எட்ஜ் பிரவுசரில் ஐ.இ. (இன்டர்நெட் எக்ஸ்புளோரர்) முறையில் திறக்கும் பழைய சிஸ்டம் மாதத்துக்கு ஒருமுறை காரணமின்றி உடைவதுபோல் தெரிந்தால், நீங்களாகச் சேர்த்த பக்கத்துக்கு 30 நாள்தான் ஆயுள். செட்டிங்ஸில் டிஃபோல்ட் பிரவுசர் பகுதியில் திரும்பச் சேர்க்கவேண்டும். ஹெட் ஒபிஸ் தங்கள் பக்கத்தில் ஒருமுறை போட்டுவிட்டால் இந்த வேலையே இல்லை.

ஐ.டி. பகுதிக்கு எழுதும்போது "சிஸ்டம் வேலை செய்யவில்லை" என்று எழுதவேண்டாம். ஒரு டிக்கெட்டுக்கு ஒரு பிழை. நடந்த நேரம் நிமிடத்தோடு, ஊழியர் இலக்கம், முகவரிப் பட்டையும் கீழே மணிக்கூடும் தெரியும்படி முழுத்திரைப் படம், இன்னொருவரின் லொகினில், இன்னொரு கொம்பியூட்டரில் அதே பிழை வருகிறதா என்பது. அதோடு இரண்டு பைல்: எக்செல் தொடாத மூலச் சிஎஸ்வி ஒன்று, நீங்கள் ஏற்றியது ஒன்று. இரண்டிலும் தலைப்பும் பிழைத்த ஆளின் ஒரு வரியும் போதும், நோட்பேடில் வெட்டி எடுங்கள். முழுக் கிளையின் சம்பளமும் ஐசி நம்பரும் ஈமெயிலில் போகத் தேவையில்லை.