சித்தப்பா சொல்லும் பட்டமும் மகள் கேட்கும் வேலையும்

சட்டம் இறுதியாண்டு படிக்கும் மகளை எண்ணி உங்களுக்குத் தூக்கம் வரவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒரு பகுதியின் பல நாடுகள் சேர்ந்து அமைத்த பிராந்தியக் கூட்டமைப்புகளிடம் சாதாரண மக்களின் முறையீட்டைக் கொண்டுபோகும் வேலைதான் வேண்டும் என்கிறாள். வீட்டை அடமானம் வைத்தாவது ஐரோப்பாவில் சர்வதேச உறவுகள் முதுகலை படிக்க வையுங்கள், ஐரோப்பிய ஒன்றியத்தில் வேலை நிச்சயம் என்கிறார் சித்தப்பா.

முதலில் மகளின் பாஸ்போர்ட்டைப் பாருங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிரந்தரப் பணிகளுக்குப் பொதுவாக உறுப்பு நாட்டுக் குடியுரிமை வேண்டும். அது இல்லாதவருக்கு எவ்வளவு பெரிய பட்டமும் அங்கே உதவாது. அடமானம் வேண்டவே வேண்டாம்.

அவள் கேட்கும் வேலை பெரும்பாலும் இந்தக் கூட்டமைப்புகளின் தலைமைச் செயலகங்களுக்கு வெளியே, மனித உரிமைத் தொண்டு நிறுவனங்களில் இருக்கிறது. மேற்கு ஆப்பிரிக்க நாடுகளின் பொருளாதாரக் கூட்டமைப்பான எகோவாஸின் நீதிமன்றத்தையே எடுத்துக்கொள்வோம். எல்லையை மூடியதை எதிர்த்து வந்த ஒரு வணிகரின் வழக்கை, தனிமனிதர் இங்கே வர முடியாது என்று சொல்லி 2004-ல் அது தள்ளிவிட்டது. 2005-ல் விதி மாறி, மனித உரிமை மீறலுக்கு யாரும் நேரடியாகப் போகலாம் என்றானது. உள்நாட்டு நீதிமன்றங்களை எல்லாம் ஏறி இறங்கிவிட்டுத்தான் வர வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. 12 வயதில் அடிமையாக விற்கப்பட்ட ஹதிஜாத்து மானி, 2008-ல் நைஜர் அரசிடமிருந்து 1 கோடி சி.எஃப்.ஏ. பிராங்க் (அந்நாட்டு நாணயம்) இழப்பீடு பெறத் தீர்ப்பு வாங்கியது இங்கேதான்.

அப்படி ஒரு மனுவுக்குப் பின்னால் அலுப்பூட்டும் உழைப்பு இருக்கிறது. தேதிவாரியாக நிகழ்வுகள், ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆவணம், கடைசியில் என்ன நிவாரணம் வேண்டும் என்ற தெளிவு. பெயர் சொல்லாத மனுவும், வேறொரு சர்வதேச நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள அதே வழக்கும் நிற்காது. இதே பழக்கத்தோடு வட, தென் அமெரிக்கக் கண்டங்களின் நாடுகளுக்கான மனித உரிமை ஆணையத்துக்குப் போனால் சறுக்கும்: அங்கே உள்நாட்டு வழிகளை முடித்து, இறுதி முடிவு கைக்கு வந்த ஆறு மாதத்துக்குள் மனு போக வேண்டும். இந்த வித்தியாசங்கள் விரல்நுனியில் இருப்பவரைத்தான் நிறுவனங்கள் தேடுகின்றன.

எகோவாஸ் நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசம். ஐந்தைப் படித்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு பக்கக் குறிப்பு எழுதச் சொல்லுங்கள்: அதிகார வரம்பு, ஆதாரம், எந்தக் கோரிக்கை ஏன் தோற்றது. கூடவே பிரெஞ்சும் கற்கட்டும்; அந்த நீதிமன்றம் ஆங்கிலம், பிரெஞ்சு, போர்த்துகீசிய மொழிகளில் நடக்கிறது. விண்ணப்பத்தோடு மதிப்பெண் பட்டியலை விட அந்தக் குறிப்புகளை முன்னால் வைக்கட்டும்.

ஆரம்பச் சம்பளம் குறைவாகத்தான் இருக்கும், மறைக்க மாட்டேன். பயிற்சிக்குப் பணம் கேட்கிற இடத்துக்கு மட்டும் அனுப்பாதீர்கள். முதுகலை அவசியமா என்பதை இரண்டு ஆண்டு வேலை பார்த்த பிறகு அவளே முடிவுசெய்யட்டும், அதுவும் உதவித்தொகை கிடைத்தால்.