எந்த மாருதி 800?

கேள்வி: ஓய்வு பெற்ற ஆசிரியர் நான். கடைத்தெருவுக்கும் வயலுக்கும் போய்வர ஒரு மாருதி 800 வாங்க விரும்புகிறேன். நாகப்பட்டினத்தில் உறவினரிடம் 1997 மாடல் ஒன்றும், திருவாரூரில் 2006 மாடல் ஒன்றும் விலைக்கு இருக்கின்றன. எது நல்லது?
– வாசகர், மன்னார்குடி

பதில்: முதலில் திருவாரூர் வண்டியைப் போய்ப் பாருங்கள், ஐயா. இரண்டிலும் 796 சிசி, மூன்று சிலிண்டர் எஞ்சின்தான். 1983 டிசம்பரில் முதல் வண்டி வந்தது முதல் 2014 ஜனவரியில் உற்பத்தி நிற்கும்வரை அந்த அளவு மாறவே இல்லை. பாடியும் 1986-ல் ஒருமுறைதான் முழுதாக மாறியது. அதற்குப் பிறகு விளக்கு, பம்பர் என்று சில்லறை மாற்றங்கள்தான்.

பெரிய மாற்றம் பெட்ரோல் எஞ்சினுக்குள் போகும் விதத்தில் வந்தது. 1997 வண்டியில் பெட்ரோலையும் காற்றையும் கலந்து எஞ்சினுக்கு அனுப்பும் கார்பரேட்டர். மார்கழிக் காலையில் சோக்கை இழுத்துவிட்டுச் சற்று நேரம் காத்திருக்க வேண்டும். 2000 வாக்கில் வந்த எம்.பி.எஃப்.ஐ. வண்டிகளுக்கு, அதாவது ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனியே பெட்ரோலைப் பீய்ச்சும் வண்டிகளுக்கு, அந்தப் பாடே இல்லை. திருவாரூர் வண்டி இந்த வகை; எவ்வளவு பெட்ரோல் வேண்டும் என்பதைக் கணினிப் பெட்டி அளந்து கொடுக்கிறது. கார்பரேட்டரை எந்தக் கிராமத்துப் பட்டறையிலும் கழற்றிச் சுத்தம் செய்யலாம் என்பார்கள். உண்மைதான். ஆனால் கும்பகோணத்தில் என் பட்டறைக்கு வேலை கற்க வரும் பையன்களில் கார்பரேட்டர் டியூனிங்கில் ஆர்வம் காட்டுபவர் அரிது. எனக்கு அது வருத்தம். உங்களுக்கோ அது செலவு. எம்.பி.எஃப்.ஐ. வந்த காலத்தில் ஐந்து கியர் வண்டியும் விற்றார்கள். எங்காவது கண்ணில் பட்டால் விடாதீர்கள். நெடுஞ்சாலையில் எஞ்சின் இரைச்சல் இல்லாமல் ஓடும்.

நாகப்பட்டினத்து வண்டி என்றதும் எனக்குத் துருதான் நினைவுக்கு வருகிறது. கடற்காற்றில் நின்ற வண்டியில் எஞ்சினைவிடத் தகட்டைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கால்விரிப்பைத் தூக்கித் தரையைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். ஜாக்கி வைக்கும் இடத்தையும் ஸ்டெப்னிக்கு அடியிலும் பாருங்கள். புதுப் பெயின்ட் பளபளத்தால் ஒரு காந்தம் கொண்டுபோங்கள். அது ஒட்டாத இடத்தில் தகடு அரித்துப்போய்ப் பட்டிப் பசையால் நிரப்பியிருக்கிறார்கள்.

இரண்டுமே 15 ஆண்டு தாண்டியவை. பதிவைப் புதுப்பித்தால் 5 ஆண்டுக்குத்தான் செல்லும் என்பதால், ஆர்.சி.யில் இன்னும் எத்தனை நாள் பாக்கி என்று பார்த்தே விலை பேசுங்கள்.

வயலுக்குப் போவதாக எழுதியிருப்பதால் இன்னொன்று. அறுவடை நாட்களில் சாலையில் பரப்பிய வைக்கோலின் மீது ஏற்றாதீர்கள். தாழ்வான வண்டி இது. சூடான சைலன்சரில் வைக்கோல் சுற்றினால் தீப்பிடிக்கும்.