மூன்று கிழமை இருமலும் உடம்பின் காவலும்: வாசகர் கேள்விகள்

"வாப்பாவுக்குச் சயரோகம். வீட்டில் எல்லாரையும் சோதித்தபோது என் கையில் சயரோகச் சோதனைக்குப் போட்ட மாண்டூ ஊசி தடித்தது. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. எனக்கும் வருத்தமா டொக்டர்?" – அக்கரைப்பற்று

இல்லை மகள். கிருமி உள்ளே வந்திருக்கலாம், ஆனால் உங்கள் உடம்பு அதைக் கட்டிப் போட்டிருக்கிறது. நுரையீரலில் காவலிருக்கும் மக்ரோபேஜ் என்ற கலம், வரும் கிருமியை விழுங்கிவிடும். வேறு கிருமி என்றால் அங்கேயே கரைந்துபோகும். சயரோகக் கிருமிக்கு மெழுகு மாதிரித் தடித்த உறை. விழுங்கிய கலத்துக்குள்ளேயே குடியிருந்து பெருகும். உடம்பின் இன்னொரு காவல் படையான ரி கலங்கள் தயாராகி வந்து சேரச் சில வாரங்கள் பிடிக்கும். அவை சுரக்கும் இன்டர்பெரோன் காமா என்ற பதார்த்தம் பட்டதும் மக்ரோபேஜுக்குப் புதுப் பலம் வருகிறது. அப்புறம் கலங்கள் திரண்டு, கிருமியைச் சுற்றிச் சின்னக் கட்டியாக அடைத்துவிடும்.

கையில் எழும்பியது அந்த ரி கலங்களின் ஞாபகம்தான். அவை ஊசி போட்ட இடத்தில் வந்து கூட நேரமெடுக்கும். அதனால்தான் 48 முதல் 72 மணித்தியாலம் கழித்து வரச் சொல்கிறார்கள். அளப்பது சிவப்பை அல்ல, விரலுக்குத் தட்டுப்படும் தடிப்பை. பிறந்தபோது போட்ட பிசிஜி என்ற சயரோகத் தடுப்பூசியாலும் கொஞ்சம் தடிக்கலாம்.

இப்படிக் கிருமி உறங்கும் 100 பேரில் 5 முதல் 10 பேருக்குத்தான் வாழ்நாளில் நோயாக மாறும். மார்பு நோய் கிளினிக்கில் தடுப்பு மாத்திரை தந்தால் தவறாமல் குடியுங்கள்.

"பத்து வருசமாகச் சீனி வருத்தம். மூன்று கிழமையாக இருமல், பாணி குடித்தும் நிற்கவில்லை." – வாழைச்சேனை

ஐயா, பாணியை விடுங்கள், நாளைக்கே சளியைச் சோதியுங்கள். சீனி கூடினால் மேலே சொன்ன இரண்டு கலங்களும் மந்தமாகிவிடும். சலரோகம் உள்ளவருக்குச் சயரோகம் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 3 மடங்கு. பிந்த வேண்டாம்.

"தொழுநோயும் இதே இனக் கிருமியா? அம்மம்மா மாந்தீவைச் சொல்லிப் பயப்படுத்துவார்." – களுவாஞ்சிக்குடி

ஒரே குடும்பம்தான். ரி கலங்கள் பலமாக எதிர்த்தால் உணர்ச்சியில்லாத ஒன்றிரண்டு வெளிறிய தேமலோடு நிற்கும். எதிர்ப்புக் குறைந்தால் உடம்பெல்லாம் பரவும். நோயாளரை மட்டக்களப்பு வாவி நடுவில் உள்ள மாந்தீவில் ஒதுக்கி வைத்த காலத்தை நினைத்தால் எனக்கு இன்றும் மனம் கனக்கும். இப்போது 6 அல்லது 12 மாதம் இலவச மாத்திரை, வீட்டிலிருந்தே. தேமலில் பஞ்சைத் தொட்டுப் பாருங்கள். தெரியவில்லை என்றால் தோல் கிளினிக்குக்கு வாருங்கள்.

"இரண்டு மாதத்தில் சுகமாகிவிட்டது. சயரோக மருந்தை நிறுத்தலாமா?" – திருக்கோவில்

வேண்டாம் தம்பி. இருமல் நின்றாலும், கட்டிக்குள் உறங்கும் கிருமிகள் மிச்சம் இருக்கும். 6 மாதமும் குடியுங்கள். சிறுநீர் செம்மஞ்சளாகப் போனால் பயப்படாதீர்கள், அது ரிபாம்பிசின் மாத்திரையின் நிறம். கண் மஞ்சளானால் மட்டும் உடனே கிளினிக்குக்குப் போங்கள்.