ஸ்டாப் லாஸ் 95, விற்றது 88: ஏன்?

95-இல் ஸ்டாப் லாஸ் (பங்கு விலை விழுந்தால் நட்டத்தைக் குறைக்கத் தானாக விற்கும் ஆர்டர்) போட்டிருந்தும் ஏன் 88-க்கு விற்றது என்று கேட்கிறீர்கள். 95 என்பது விற்கும் விலை அல்ல, விற்பனையைத் தூண்டிவிடும் விலை. பங்கு 95-ஐத் தொட்டாலோ அதற்குக் கீழே போனாலோ உங்கள் ஸ்டாப் லாஸ் சாதாரண மார்க்கெட் ஆர்டராக மாறிவிடும். அப்புறம் அந்த நொடியில் வாங்கக் காத்திருப்பவர் என்ன விலை தர முன்வருகிறாரோ, அதற்குத்தான் போகும்.

முந்தைய நாள் 98-இல் முடிந்தது, மறுநாள் காலையிலேயே விற்றுவிட்டது என்கிறீர்கள். அப்படியானால் சந்தை மூடியிருந்த நேரத்தில் ஏதோ செய்தி வந்து, பங்கு நேரடியாக 88 பக்கத்தில் திறந்திருக்கலாம். இதை 'கேப் டவுன்' என்பார்கள். நடுவில் 95, 94, 93 எதிலும் வியாபாரமே நடக்கவில்லை என்றால் அந்த விலையில் விற்க வழியே இல்லை. தரகு நிறுவனத்தோடு சண்டை போடுவதற்கு முன் இதைப் பாருங்கள்:

1. அன்றைய சார்ட்டில் தொடக்க விலை என்ன? 88-ஐ ஒட்டியிருந்தால் சந்தேகமே வேண்டாம், கேப் டவுன்தான்.

2. 96 போல மேலே திறந்து பிறகு சரிந்திருந்தால், விற்ற நிமிடத்தின் வால்யூமை (கைமாறிய பங்குகளின் எண்ணிக்கையை) பாருங்கள். மிகக் குறைவாக இருந்தால் வாங்க ஆள் இல்லை என்று பொருள். சின்ன நிறுவனங்களின் பங்குகளில் இது சகஜம். வால்யூம் நன்றாக இருந்தும் 88 என்றால், விற்பனை நேரத்தைக் காட்டித் தரகரிடம் தாராளமாகக் கேளுங்கள்.

குறைந்தபட்ச விலையையும் குறிப்பிடும் 'ஸ்டாப் லிமிட்' ஆர்டர் போட்டு 'தூண்டுவிலை 95, 93-க்குக் கீழே விற்காதே' என்று சொல்லலாம்தான். ஆனால் 88-இல் திறந்தால் அது விற்காமலேயே நிற்கும். பங்கு 70-க்குப் போனாலும் உங்கள் கையிலேயே இருக்கும்.